பழக்கி வைத்த பூட்ஸ்

என் குரலைப் பற்றி எங்கள் வீட்டில் நல்ல வார்த்தை சொன்னவர்கள் யாருமில்லை. "மெதுவா பேசு, மெதுவா பேசு" என்று சொல்லிச் சொல்லியே என் வீட்டுக்காரர் இருக்கிற குரலையும் இழந்துவிட்டார். நான் சமையலறையிலிருந்து "உப்பு எங்கே?" என்று கேட்டால் எதிர்வீட்டுக்காரி வந்து கொடுத்துவிட்டுப் போவாள். அப்படிப்பட்ட குரலுக்காகவே எனக்கு ஒரு வேலை கிடைத்தது என்றால் நம்புவீர்களா? நானே முதலில் நம்பவில்லை.

சட்டைக் கம்பெனியில் தையல் சரிபார்க்கிற வேலையில்தான் இருந்தேன். கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். அதன் பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்து, சும்மா இருக்கிறவளுக்கு இந்த வீட்டில் எத்தனை வேலை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டேன். இந்த நேரத்தில்தான் காட்டில் மரத்துக்குக் குறி போட ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டேன். நெஞ்சு உயரத்தில் மரத்தைச் சுற்றி டேப் பிடிக்க வேண்டும், சுற்றளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், கீழே நிற்பவர் எழுதிக்கொள்வார். வெட்ட வேண்டிய மரத்துக்குச் சிவப்பு வளையம் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். அவ்வளவுதான்.

ஆள் எடுக்க வந்த சூப்பர்வைசர் ஒல்லியான மனிதர். சிரிப்பதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் என்பது மாதிரி முகம். எங்களையெல்லாம் மேட்டின் மேல் நிறுத்திவிட்டுக் கீழே இறங்கிப் போய், "ஒவ்வொருத்தரா ஏதாவது ஒரு நம்பர் சொல்லுங்க" என்றார். மற்றவர்கள் சொன்னது பாதி வழியிலேயே மரங்களுக்குள் தொலைந்தது. நான் சொன்னேன். அவர் இரண்டு கைகளையும் காதில் வைத்துக்கொண்டு மேலே ஏறி வந்தார்.

"போதும்மா, போதும். திங்கக்கிழமை காலையில வந்துடுங்க."

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விடாமல் அவர் அடுத்த வார்த்தையைச் சொன்னார். "பூட்ஸ் போட்டுக்கிட்டு வரணும். செருப்பு, கேன்வாஸ், ஓடற ஷூன்னு வந்தா கேட்டுலயே திருப்பி அனுப்பிடுவேன். கணுக்காலுக்கு மேல வரணும். முன்னால இரும்பு இருக்கணும். அடியில பல்லு பல்லா இருக்கணும். எல்லாத்துக்கும் மேல உங்க காலுக்குச் சரியா இருக்கணும். லூசான பூட்ஸோட வந்த ஒருத்தர் சரிவுல உருண்டு, இன்னும் கால்ல கட்டோட படுத்திருக்கார். உங்க எடத்துக்கு ஆள் நிக்கிறாங்க, ஞாபகம் வெச்சுக்குங்க."

எனக்கு அந்த வேலை வேண்டும். ஏன் என்று கேட்டால், யார் சிபாரிசும் இல்லாமல், யாருக்கும் பதிலாக இல்லாமல், எனக்கென்று வந்த முதல் விஷயம் அது. எங்கள் வீட்டில் எனக்கென்று எதுவும் கிடையாது. கொடுமைப்படுத்துகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாரும் தங்கமான மனிதர்கள். எல்லாரும் எல்லாருடையதையும் எடுத்துக்கொள்வார்கள், அதுதான் விஷயம். வாசலில் கிடக்கிற காலணிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெளியே கிளம்புகிறவர் எதில் காலை நுழைக்கிறாரோ அது அன்றைக்கு அவருடையது. அதனால் எல்லார் காலும் நுழைகிற மாதிரி எப்போதும் ஒரு அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். என் பூப்போட்ட செருப்பைப் போட்டுக்கொண்டு என் மாமனார் பேங்குக்குப் போய்விட்டு வந்து, "நல்லா மெத்துன்னு இருக்கும்மா" என்று பாராட்டியிருக்கிறார்.

பூட்ஸ் வாங்கக் கடைக்குப் போனபோது என் வீட்டுக்காரரும் கூட வந்தார். அவர் சாமான் டெலிவரி செய்கிற வேன் ஓட்டுகிறார். ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு என்று வேலைச் சாமான் மட்டும் விற்கிற கடை. கடைக்காரர் என் காலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்ளோ சின்னக் காலுக்கு இந்த மாதிரி பூட்ஸ் வராதும்மா. ஆம்பளைங்க அளவுதான்."

"பெருசா இருந்தா பரவால்ல, குடுங்க. எங்க வீட்டுல எல்லாரும் போட்டுக்குவாங்க" என்றார் இவர்.

"எல்லாரும் மரத்துக்குக் குறி போடப் போறீங்களா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

கடைக்காரர் பயந்துபோய் உள்ளே சென்று குடைந்தார். யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் விட்ட ஒரே ஒரு சின்ன ஜோடி கிடைத்தது. பழுப்புத் தோல், முரட்டு நாடா. கடையில் சாய்வாக ஒரு பலகை வைத்திருந்தார். போட்டுக்கொண்டு அதில் இறங்கி வரச் சொன்னார். விரல் முன்னால் போய் இடிக்கவில்லை, குதிகால் மேலே தூக்கவில்லை. கச்சிதம். இருபது வருஷமாக அடுத்தவர் செருப்பில் தத்தித் தத்தி நடந்த காலுக்கு இப்படியொரு பிடிப்பு இருக்கும் என்றே தெரியாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைக்காரர் அதை வலி என்று நினைத்துக்கொண்டார்.

"புதுத் தோலு, கொஞ்சம் கடிக்கத்தான் செய்யும். வீட்டுக்குள்ளயே போட்டு நடங்க. உங்க காலுக்குத் தானா பழகிடும்."

வீட்டுக்குள் நடப்பது அவர் நினைத்த மாதிரி சுலபமில்லை. கீழ்வீட்டில் என் நாத்தனார் இருக்கிறாள். வாசல் அறையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அவளை அண்ணி என்று கூப்பிடுவேன். பளபளக்கிற தரைதான் அவளுக்கு உயிர், மேல்வீட்டுத் தரையும் சேர்த்து. பூட்ஸோடு நான் நடப்பதைக் கேட்டு மேலே ஓடி வந்தாள்.

"ஐயையோ, டைல்ஸ்! நில்லு, நில்லு, அப்படியே நில்லு!"

பார்லரில் தலைக்கு மாட்டுகிற பிளாஸ்டிக் தொப்பி இரண்டைக் கொண்டு வந்து பூட்ஸுக்கு மாட்டிவிட்டாள். நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். அடுத்த நொடி தரையில் உட்கார்ந்திருந்தேன். எப்படி உட்கார்ந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"பாத்தியா, தரை எவ்ளோ சுத்தமா இருக்கு!" என்றாள் அண்ணி பெருமையாக.

மாமனார் வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஆயுசு பூராவும் நடந்தவர் என்பதால் கால் சம்பந்தப்பட்ட எல்லாவற்றிலும் அவர் சொல்வதுதான் தீர்ப்பு. நான் பூட்ஸைக் கழற்றியபோது குதிகாலில் சின்னதாகச் சிவந்திருந்தது. மனிதர் அதைப் பார்த்துத் துடித்துப்போய்விட்டார்.

"கடிக்குதேம்மா! இத போட்டுக்கிட்டு நீ மலை ஏறப் போறியா?"

"பழகிடும் மாமா."

"என்னத்த பழகும். புண்ணாயிடும்." அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் அண்ணியைப் பார்த்தார். அந்தப் பார்வையின் அர்த்தம் அப்போதே எனக்குப் புரிந்திருந்தால் எங்கே போனாலும் பூட்ஸைக் கையோடு தூக்கிக்கொண்டு போயிருப்பேன்.

மறுநாள் சனிக்கிழமை. வேலைக்கு உடம்பு தகுதி என்று டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டியிருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து பொழுதே போய்விட்டது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், மூன்று பேரும் கூடத்தில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் பெருமை பிடிபடவில்லை. நடுவில் என் பூட்ஸ் இருந்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வெந்நீர்ப் பேசினுக்குள் காலை விட்டிருந்தார்.

"போட்டுப் பாரு" என்றார்.

"என்ன பண்ணீங்க?"

"முதல்ல போட்டுப் பாரேன்!"

நாடாவை அவிழ்க்காமலேயே கால் உள்ளே போனது. கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி போனது.

"கடிக்குதா?" என்று கேட்டார் மாமனார்.

"கடிக்கல."

மாமனார் தொடையில் தட்டிக்கொண்டார். "நான்தான் சொன்னேனே! வெந்நீர் ஊத்தி ஊற வெச்சது நான்."

"காலுக்குத் தேய்க்கற கிரீமு, ஒரு டப்பா முழுசும் தோல்ல தேய்ச்சிருக்கேன்" என்றாள் அண்ணி. "வெளிநாட்டுக் கிரீமு."

"போட்டுக்கிட்டு நடந்தது யாரு?" என்றார் என் வீட்டுக்காரர். "காலையிலேருந்து லோடு பூரா இதுலதான் எடுத்தேன். லிஃப்ட் இருக்கிற எடத்துலகூடப் படியிலதான் ஏறினேன். நல்லா பழகட்டும்னு."

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். கால் வந்தது. பூட்ஸ் அங்கேயே நின்றது.

மூன்று பேரும் பூட்ஸையே பார்த்தார்கள். பிறகு மாமனார் மெல்ல, "டாக்டர்கிட்ட போய்ட்டு வந்ததுல காலு சின்னதாயிடுச்சோ?" என்றார்.

என் அடிவயிற்றிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. அன்றைக்கு அது வெளியே வந்திருந்தால் கீழே பார்லர் கண்ணாடிகள் மிஞ்சியிருக்காது. வாயைத் திறந்தபோதுதான் இவர் பேசினிலிருந்து காலைத் தூக்கினார். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்து சதை தெரிந்தது. சுண்டுவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. அந்தச் சின்னப் பூட்ஸுக்குள் அவ்வளவு பெரிய காலை எப்படித் திணித்தாரோ, அதோடு எப்படிப் பொழுது பூரா மாடி ஏறினாரோ. "உனக்குக் கடிக்கக் கூடாதுன்னுதான்" என்றார். திட்டவும் முடியவில்லை, கொஞ்சவும் முடியவில்லை. மஞ்சள் குழைத்துக்கொண்டு வந்து அவர் காலில் போட்டேன், கொஞ்சம் அழுத்தியே போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருந்தது. ஷட்டரில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தேன். கடைக்காரர் வெளியூரில் இருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு இரண்டு மூன்று தடவை இருமினார். சிரிப்பை அடக்குகிறார் என்பது இங்கேயே தெரிந்தது.

"ஒரு காலு பதிஞ்சத இன்னொரு காலுக்கு மாத்த முடியாதும்மா. அது இனிமே உங்க வீட்டுக்காரரோடதுதான். நாளைக்கு மத்தியானம் லோடு வருது, சின்ன அளவு ஒண்ணு போடச் சொல்றேன்."

மத்தியானம் வந்து என்ன பிரயோஜனம்? காலையில் கேட்டில் நிற்க வேண்டும்.

திங்கட்கிழமை இவரே வேனில் கொண்டுபோய் விட்டார். நான் இரண்டு சாக்ஸ் போட்டு, பூட்ஸின் முனையில் பேப்பரைச் சுருட்டித் திணித்திருந்தேன். நல்ல குளிர். கேட்டுக்குப் பக்கத்தில் மரம் வெட்டுகிற ஆட்கள் நெருப்பு மூட்டி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் புது ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் காலையும் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். நான் நடந்தபோது பூட்ஸுக்குள் பேப்பர் சலசலத்தது.

"என்னம்மா சத்தம்?"

"சருகு சார்."

அவர் கீழே பார்த்தார். வெறும் மண்தான் இருந்தது. அங்கே கிடந்த ஒரு பெரிய கட்டையைக் காட்டினார். "ஓங்கி ஒரு உதை விடுங்க. அப்பறம் அந்தச் சரிவுல இறங்கி வாங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு உதைத்தேன். கட்டை அசையவில்லை. பூட்ஸ் மட்டும் என்னைவிட்டுக் கிளம்பி, ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நடுவில் போய் விழுந்தது. அவர்கள் நெருப்பைச் சுற்றி எழுந்து நின்று கைதட்டினார்கள்.

சூப்பர்வைசர் போய் அதை எடுத்து வந்தார். உள்ளேயிருந்து பேப்பரை உருவினார். இன்னும் உருவினார். முந்தின நாள் செய்தி முழுவதும் வெளியே வந்தது.

"யாரு பூட்ஸும்மா இது?"

"என்னுதுதான் சார்."

"உங்க காலு எங்க இருக்கு, இது எங்க இருக்கு? மன்னிச்சுக்குங்க, உள்ள விட முடியாது."

அதற்குள் இவர் வேனிலிருந்து இறங்கி நொண்டிக்கொண்டே வந்துவிட்டார். "சார், தப்பு என்னுது சார். அவளுக்குச் சரியாத்தான் இருந்துச்சு. நான்தான் போட்டுப் பழக்கினேன்."

சூப்பர்வைசர் அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "எங்க, போடுங்க பாக்கலாம்" என்றார்.

நான் மற்றதையும் கழற்றி, பேப்பரை எடுத்துவிட்டுக் கொடுத்தேன். இவர் போட்டார். சரிவில் இறங்கினார், ஏறினார். கட்டையை உதைத்தார், கட்டை புரண்டது. சூப்பர்வைசர் குதிகாலில் விரலை விட்டுப் பார்த்தார். விரல் நுழையவில்லை.

"அவங்க இல்லன்னா இன்னிக்கு ஒரு ஆள் கொறையுது. டேப் புடிக்கத் தெரியும்ல? நீங்க வந்துடறீங்களா?"

"எனக்கு அவ்வளவா சத்தம் வராதே சார்" என்றார் இவர்.

"அதனால என்ன, கிட்ட வந்து சொல்லிக்கலாம்."

நான் ஈரமண்ணில் சாக்ஸோடு நின்றுகொண்டிருந்தேன். என் பூட்ஸ் போனது, சரி. என் குரலும் தேவையில்லையாம், கிட்ட வந்து சொல்லிக்கொள்வார்களாம். இப்போது என் வேலையும் இவர் காலில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. இவர் குனிந்து பூட்ஸைப் பார்த்தார். விரலை உள்ளே அசைத்துப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து மரங்களைப் பார்த்தார். அந்த முகத்தில் ஆசை வந்தது. பொய் சொல்ல மாட்டேன், கண்ணால் பார்த்தேன். வேன் ஓட்டி ஓட்டி அலுத்த மனிதர். "ஒரு நாள்தானே, அதுக்குள்ள உனக்கு வேற பூட்ஸு வாங்கிட்டு..." என்று ஆரம்பித்து என் பக்கம் திரும்பினார்.

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி வாயடைத்துப்போய் நான் நின்று அவர் பார்த்ததில்லை. பயந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே கட்டையின் மேல் உட்கார்ந்து நாடாவை அவிழ்த்தார்.

"வேணாம் சார். எனக்கு வேலை இருக்கு. இது அவளோடது."

"அப்ப அவங்க பூட்ஸுக்கு என்ன பண்றது?"

"அஞ்சு நிமிஷம் குடுங்க."

அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றினார். நல்ல சட்டை. நானே தையல் பார்த்துக் கம்பெனியிலிருந்து எடுத்து வந்தது. பல்லால் கடித்து நீள நீளமாகக் கிழித்தார். பனியனோடு என் முன்னால் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, என் காலை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு, கணுக்காலையும் குதிகாலையும் சேர்த்துத் துணியைச் சுற்ற ஆரம்பித்தார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் கையைக்கூடப் பிடிக்காத மனிதர்.

"தினம் கண்ணாடி, பீங்கான்னு கட்டறேன் சார்" என்றார் சூப்பர்வைசரிடம், தலையை நிமிர்த்தாமலே. "பெட்டிக்குள்ள ஆடினாத்தான் உடையும். ஆடாம கட்டிட்டா எங்க வேணா கொண்டு போகலாம்."

"அண்ணே, எங்களுக்கும் கட்டி விடுங்கண்ணே!" என்று டீ குடித்தவர்களில் ஒருவர் கத்தினார்.

"வரிசையில வாங்க" என்றார் இவர். பூட்ஸை மாட்டி, இண்டு இடுக்கில் மிச்சத் துணியைச் செருகி, நாடாவை இழுத்துக் கட்டினார். "வலிக்குதா?"

"வலிக்குது."

"ஆடுதா?"

"ஆடல."

"அப்ப போ."

போய்க் கட்டையை உதைத்தேன். சனிக்கிழமையிலிருந்து உள்ளே அடக்கி வைத்திருந்த உதை. கட்டை புரண்டு நெருப்புப் பக்கம் போனது, டீ குடித்தவர்கள் கிளாஸைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பூட்ஸ் என் காலிலேயே இருந்தது. சரிவில் இறங்கினேன், ஏறினேன். சூப்பர்வைசர் குதிகாலில் விரலை விட்டுப் பார்த்தார், சுற்றி நடந்து பார்த்தார், குறை ஒன்றும் கிடைக்காமல் தாடையைச் சொறிந்தார்.

"இன்னிக்குக் கீழ்ச் சரிவு மட்டும்தான். மேல ஏறக் கூடாது. நாளைக்குச் சரியான பூட்ஸோட வரணும்."

"மத்தியானமே வந்துடும் சார், வாங்கிடறேன்."

"நீங்களே போய் வாங்குங்க. வாங்கி நீங்களே போட்டுக்குங்க" என்றார். ஹெல்மெட்டையும் டேப்பையும் பெயின்ட் டப்பாவையும் என் கையில் கொடுத்தார்.

முதல் மரம் கேட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்தில்தான் இருந்தது. சூப்பர்வைசர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அவர கிளம்பச் சொல்லுங்கம்மா. பனியனோட நிக்கிறார், குளிருது" என்றார்.

"போக மாட்டார் சார். ஒரு மரமாவது நான் போடறதப் பாத்துட்டுத்தான் போவார்."

என் வீட்டுக்காரரை எனக்கு அப்போது ரொம்பப் பிடித்திருந்தது. அவ்வளவு கோபத்திலும் பிடித்திருந்தது. மரத்தைச் சுற்றி டேப்பைப் பிடித்து அளவைச் சொன்னேன். கீழே எழுதுகிறவர் நோட்டைக் கீழே போட்டுவிட்டு எடுத்தார். பிரஷைத் தோய்த்து நெஞ்சு உயரத்தில் சிவப்பு வளையம் போட்டேன். வளையம் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது, சூப்பர்வைசர் கண்டுகொள்ளவில்லை. கேட்டில் நின்றவர் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிவிட்டு, நொண்டிக்கொண்டே வேனைப் பார்த்து நடந்தார்.

"அடுத்த மரம் எது சார்?" என்று கேட்டேன்.